பதிவு இல்லை என்ற திரை

"அம்மா, நாம கதவைத் தட்டினோம், யாரும் திறக்கல. அதனால வீட்டுல ஆளே கிடையாதுன்னு ஆயிடுமா?"

பாத்திமா மேரியின் மகள் சகாயராணி ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. வேதாரண்யத்தில் பெரியம்மா வீட்டு வாசலில், மத்தியான வெயிலில் நின்றுகொண்டு கேட்டாள். மேரி அதற்குள் "யாருமில்ல, வா போகலாம்" என்று பஸ் நிறுத்தத்துப் பக்கம் திரும்பியிருந்தாள். மகள் நகரவில்லை. கடைசியில் கொல்லைப்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தால், பெரியம்மா மோட்டாரைப் போட்டுவிட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மேரியும் சிரித்துவிட்டு மறந்துபோனாள். சில கேள்விகளைக் கடவுள் முன்கூட்டியே அனுப்பிவைக்கிறார். அவை எதற்காக வந்தன என்பது அப்போது தெரிவதில்லை.

மேரி பாபநாசம் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சேவை மையம் வைத்திருந்தாள். ஒரு மேசை, ஒரு பிரிண்டர், அதற்கு மேலே சுவரில் மாதா படம். காலையில் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் சுவிட்சில் கை வைப்பாள். அந்த ஐப்பசிக் கடைசியில் அடைமழை பிடித்திருந்தது. பயிர்க் காப்பீட்டுக்கு மறுநாளோடு கெடு முடிகிறது. கடை வாசலில் குடைகளும் ஈரச் சாக்குகளுமாகக் கூட்டம்.

கூட்டத்தில் பாதிப் பேர் ஆனந்தவல்லி கட்டளை என்ற கோயில் அறக்கட்டளையின் குத்தகைக்காரர்கள். காப்பீடு செய்ய அவர்களுக்குக் குத்தகைச் சான்று வேண்டும். முன்பெல்லாம் அதற்குக் கட்டளை அலுவலகத்தில் காரியஸ்தருக்காகக் காத்துக் கிடப்பார்கள். இப்போது கட்டளை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டது. பெயரையும் சர்வே எண்ணையும் தட்டினால் சான்று வந்துவிடும். சென்னைக் கம்பெனி ஒன்று எழுதிக்கொடுத்த ஏற்பாடு அது.

எல்லையம்மாள் முறை வந்தது. ஐம்பது வயதுக்காரி, கட்டளை நிலத்தில் ஐந்து மா, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, சாகுபடி செய்கிறவள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு ஆதார் நகலோடு மேசையில் வைத்தாள்.

மேரி தட்டினாள். திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சிவப்பு எழுத்தில் இரண்டே வார்த்தைகள் வந்தன. 'பதிவு இல்லை.'

மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே சிவப்பு.

"என்ன மேரி, என்னாங்குது?"

"பேரு இல்லேங்குதுக்கா."

"நல்லாப் பாரு. எல்லையம்மாள், கணவர் காயாரோகணம்."

"பார்த்துட்டேன்க்கா. பதிவு இல்லேன்னுதான் வருது."

பின்னால் நின்ற ஐயாவு, எதற்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மாட்டாதவர், "வோட்டர் லிஸ்ட்ல பாரும்மா, அதுல இருக்கும். அதுலேர்ந்து மட்டும் நம்மள எவனும் எடுக்க மாட்டான்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எல்லையம்மாள் சிரிக்கவில்லை.

அவளுக்கு அது வெறும் பெயர் இல்லை. அவள் மாமனார் அந்தக் காலத்தில் குத்தகைப் பதிவுக்காகக் கொடி பிடித்து, அடிபட்டு, திருச்சி ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர். ஆட்சிகள் மாறின, கொடிகளின் நிறங்கள் மாறின, குடும்பத்தின் பெயர் மட்டும் பதிவில் நின்றது. புருஷன் போன பிறகு பதிவைத் தன் பெயருக்கு மாற்ற எல்லையம்மாள் தஞ்சாவூருக்கு எத்தனை நடை நடந்தாள் என்பது அவள் செருப்புகளுக்குத்தான் தெரியும். அந்தப் பெயர் இல்லையென்றால் நிலம் இல்லை. நிலம் இல்லையென்றால் கல்யாணத்துக்கு நிற்கிற மகளோடு அவள் யாருடைய வயலிலோ கூலிக்குக் குனிய வேண்டும்.

"எடுத்துட்டானா?" என்றாள், தனக்குத்தானே.

"யாருக்கா?"

"போன வாரம்தான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கட்டளை ஆபீஸ் படியேறினான். நான் என் கண்ணால பார்த்தேன். அப்பவே நினைச்சேன்."

யாரென்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. எல்லையம்மாளின் வயலை ஒட்டிய வயல் சிவசாமியினுடையது. அவரும் குத்தகைக்காரர்தான். ஆனால் கட்சிக் கரைவேட்டி கட்டுகிறவர், காரியஸ்தரோடு நின்று டீ குடிக்கிறவர். போன வருஷம் நடவின்போது, "பொம்பள ஒண்டியா ஏன் கஷ்டப்படுறீங்க? இந்த அஞ்சு மாவையும் என்கிட்ட விட்டுடுங்களேன்" என்று வரப்பில் நின்று சொன்னார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, அந்த வார்த்தை அவள் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

"அக்கா, இருங்க, இன்னொரு தடவை..."

எல்லையம்மாள் காகிதங்களைக்கூட எடுக்கவில்லை. மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த ஆளுக்கும் 'பதிவு இல்லை' என்றது திரை. அதற்கடுத்த ஆளுக்கும் அதேதான். "என்னம்மா, ஊரையே கிளப்பி விட்டுட்டானுங்களா?" என்றார் ஐயாவு. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மேரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவள் கொழுந்தன் சவரிராஜும் அதே கட்டளையின் குத்தகைக்காரன். அன்று காலையில், கடை திறந்ததும் முதல் ஆளாக அவனுக்குத்தான் சான்று எடுத்துக் கொடுத்திருந்தாள். அவன் பெயரைத் தட்டினாள்.

'பதிவு இல்லை.'

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மோடத்தில் பச்சையாக எரியவேண்டிய விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. மெயின் ரோட்டில் பாலத்துக்குத் தோண்டுகிறவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள் என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் வந்து சொன்னார்.

திரை எங்கேயும் போகவில்லை, யாரையும் கேட்கவில்லை. கதவைத் தட்டிவிட்டு, திறக்கவில்லை என்றதும், வீட்டில் ஆளே கிடையாது என்று அது சொல்லியிருக்கிறது. வேதாரண்யத்து வெயிலும் மகளின் முகமும் மேரியின் நினைவில் வந்தன. "ஏசுவே, நானுந்தானே அதையே படிச்சுச் சொன்னேன்" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கம்பெனியின் உதவி எண்ணுக்கு மொபைலில் அடித்தாள். நெடுநேரம் பாட்டுப் பாடியது. பிறகு ஜெக்கரியா என்று ஒரு இளைஞன் வந்தான்.

"மேடம், பதிவு இல்லேன்னு வந்தா நீங்க கட்டளை ஆபீஸைத்தான் அணுகணும்."

"பதிவு இருக்குங்க தம்பி. எங்க ஊர்ல லைன் கட்டு. லைன் கட்டானா லைன் கட்டுன்னு சொல்ல வேண்டியதுதான? ஏன் பதிவு இல்லேங்குது?"

"அது... சர்வர்லேர்ந்து பதில் வரலேன்னாலும் அதே மெசேஜ்தான் வரும் மேடம். ரெண்டுக்கும் ஒண்ணுதான் வச்சிருக்காங்க."

"பதில் வரலேங்கறதும், ஆளே இல்லேங்கறதும் ஒண்ணா தம்பி?"

"டிசைன் அப்படி மேடம். நான் நோட் பண்ணிக்கிறேன்."

"நீங்க நோட் பண்ணிக்குங்க. இங்க ஒரு அம்மா நிலம் போச்சுன்னு மழையில ஓடுறாங்க."

"எனக்குப் புரியுது மேடம். எங்க அப்பாவும் குத்தகைதான்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. அவன் கையில் ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

எல்லையம்மாளின் எண்ணை அழைத்தாள். 'நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்றது குரல். மேரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பத்து ரூபாய் ரீசார்ஜில் ஓடுகிற போனுக்குக்கூட இந்த நேர்மை இருக்கிறது. எட்டவில்லை என்கிறது, அப்படி ஒரு ஆளே கிடையாது என்று சாதிக்கவில்லை.

கடையைப் பூட்டினாள். "லைன் வந்தா எல்லாருக்கும் போட்டுத் தர்றேன். யாரு பேரும் எங்கயும் போகல, அதை மட்டும் நம்புங்க" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

ஆனால் நேரம் கடந்துவிட்டிருந்தது.

அந்தப் பக்கத்து வயல்களில் மழைத் தண்ணீர் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு இறங்கித்தான் வடிவாய்க்காலுக்குப் போகும். சிவசாமியின் வயல் தண்ணீருக்கு எல்லையம்மாளின் வரப்பிலிருந்த மடையைத் தவிர வேறு வழி கிடையாது. எல்லையம்மாள் நேராக வயலுக்குப் போய், அந்த மடையில் வாழைமட்டையைத் திணித்து, களிமண்ணை வாரி வாரி அடைத்து, மேலே ஏறி மிதித்திருந்தாள். மேரி போய்ச் சேர்ந்தபோது சிவசாமியின் வயலில் நட்டுத் தழைத்துக்கொண்டிருந்த இளம்பயிர் நுனி மட்டும் தெரிய மூழ்கி நின்றது. வரப்பின் ஒரு பக்கம் எல்லையம்மாள் நின்றாள். மறுபக்கம் மண்வெட்டியோடு சிவசாமி.

"எதுக்கும்மா அடைச்சீங்க? அதையாவது சொல்லுங்க!"

"ஒண்ணும் தெரியாத பச்சப்புள்ள! ஆபீஸ்ல போயி என் பேரை அழிக்கத் தெரியுது, இது தெரியலியா?"

"நான் அழிச்சேனா? என் பேரையே அவங்க தப்பில்லாம எழுத மாட்டேங்கறாங்க, நான் உங்க பேரை அழிச்சேனா?"

"பின்ன எதுக்குய்யா படியேறின? காரியஸ்தன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போடவா?"

"இந்த வடிவாய்க்காலைத் தூர் வாரிக் குடுங்கன்னு மனு குடுக்கப் போனேன். உங்க வயல் தண்ணியும் சேர்ந்துதான வடியணும்!"

"வேட்டிக் கரையை மாத்துற மாதிரி பேச்சையும் மாத்து."

மேரி சேற்றில் சறுக்கிக்கொண்டே ஓடினாள். "அக்கா, நான் சொன்னது தப்புக்கா. லைன் அறுந்து கெடக்கு. மிஷின் பார்க்கவே இல்ல. பார்க்காமலே இல்லேன்னு சொல்லிடுச்சு."

எல்லையம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப என் பேரு இருக்கா?"

மேரி ஒரு கணம் தயங்கினாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டால் மடை திறக்கும். ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னதில்தான் இத்தனையும் வந்தது.

"தெரியலக்கா. இன்னும் பார்க்க முடியல. இருக்கும்னுதான் நான் நம்புறேன்."

"காலையில இல்லேன்ன. இப்ப தெரியலங்கற. சாயங்காலம் என்னம்மா சொல்லுவ?" எல்லையம்மாள் மடையைக் காட்டினாள். "என் பேரை நான் கண்ணால பார்க்காம இந்த மண்ணுல ஒரு குத்து எடுக்க மாட்டேன்."

சிவசாமி மண்வெட்டியைக் கெட்டியாகப் பிடித்தார். மடை அவர் காலடியில் இருந்தது. இரண்டு வெட்டு வெட்டினால் போதும். ஆனால் அடுத்தவர் வரப்பில் மண்வெட்டி வைப்பது அந்தப் பக்கத்தில் கைநீட்டி அடிப்பதற்குச் சமம். எத்தனையோ வெட்டுக்குத்துகள் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கெடு நாள். மழை விடவில்லை, லைனும் வரவில்லை, மொபைலில் பேச முடிந்ததே தவிர நெட் எடுக்கவில்லை. மேரி விடிந்ததும் கடையைத் திறந்து மோடத்தை அணைத்துப் போட்டாள், போட்டு அணைத்தாள். சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது. வாசலில் நேற்றைவிடக் கூட்டம். 'பதிவு இல்லை' என்ற செய்தி ஊர் ஊராகப் பரவியிருந்தது. இரண்டு பேர் கட்டளை ஆபீஸில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

மேரி ஒரு அட்டையைக் கிழித்து, பெரிய எழுத்தில் எழுதித் திரைக்கு மேலே தொங்கவிட்டாள்:

'லைன் இல்லை. அதனால் உங்கள் பதிவைப் பார்க்க முடியவில்லை. பதிவு அழிந்ததாக அர்த்தம் இல்லை. பச்சை விளக்கு எரிந்த பிறகு வரும் பதில்தான் சரியான பதில். தஞ்சாவூரில் லைன் இருக்கிறது. அவசரமானவர்கள் அங்கே போகலாம்.'

ஐயாவு அதை உரக்கப் படித்தார். "இதை எழுத உனக்கு எவ்வளவு நேரம்மா ஆச்சு?"

"அட்டையைத் தேடினதுதான் நேரம்."

"இதைத்தான் அவனுங்களால எழுத முடியலையாக்கும்."

கூட்டத்தின் இரைச்சல் மெல்ல அடங்கியது. லைன் வந்துவிடவில்லை, ஆனாலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். எது தெரியும், எது தெரியாது, அடுத்து என்ன செய்வது என்று சொல்லிவிட்டால் மனிதன் எவ்வளவோ பொறுத்துக்கொள்வான்.

அப்போதுதான் சிவசாமி வந்தார். வேட்டி முழங்காலுக்கு மேல் சேறாக இருந்தது. அவருக்கும் காப்பீடு போட வேண்டும். அட்டையைப் படித்தார். "தஞ்சாவூர்ல இருக்குங்கறது நிச்சயமா மேரிம்மா?"

"இப்பத்தான் போன் பண்ணிக் கேட்டேன் அண்ணே. மெடிக்கல் காலேஜ் ரோட்டுல ஒரு மையம். நல்லா ஓடுதாம்."

பைக் சாவியை எடுத்தவர் நின்றார். மேசை மூலையில் எல்லையம்மாள் விட்டுப்போன காகிதங்கள் ஒரு கல்லுக்கு அடியில் இருந்தன.

"அந்தம்மா போய்ட்டாங்களா தஞ்சாவூருக்கு?"

"இல்லண்ணே. வரப்பை விட்டு நகர மாட்டேங்கறாங்களாம். நீங்க மடையை வெட்டிடுவீங்கன்னு."

சிவசாமி வறட்டுச் சிரிப்பொன்று சிரித்தார். "அந்தப் பேப்பரையும் குடுங்க. போறதே போறேன்."

மேரி காகிதங்களை எடுத்து நீட்டினாள். "உங்க வயல்ல தண்ணி நிக்குதே அண்ணே..."

"நிக்குது. கீழ மூலை அழுகித்தான் போவும். அதுக்காக அவங்க பயிருக்குக் காப்பீடு இல்லாமப் போவணுமா?" காகிதங்களைப் பாலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "கெடு நாள் இன்னிக்கு. சண்டையை நாளைக்கும் போட்டுக்கலாம்."

ஐயாவு எழுந்து அவருக்கு வழி விட்டார்.

மழையில் போய், மழையில் திரும்பினார். சாயங்கால வாக்கில் பாலித்தீன் பை மேரியின் மேசைக்கு வந்தது. உள்ளே காப்பீட்டு ரசீது. கூடவே குத்தகைச் சான்று. எல்லையம்மாள், கணவர் காயாரோகணம். ஐந்து மா. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"நீங்களே கொண்டுபோய்க் குடுங்க மேரிம்மா. நான் நீட்டினா, இது நெஜந்தானான்னு அதுக்கு ஒரு சண்டை வரும்."

மேரி போனாள். எல்லையம்மாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அடைத்த மடையின் மேல் உட்கார்ந்திருந்தாள். சான்றை வாங்கி, எழுத்து எழுத்தாக விரலை ஓட்டிப் படித்தாள். பிறகு ரசீதைப் பார்த்தாள்.

"லைன் வந்துடுச்சா மேரி?"

"இன்னும் வரலக்கா. சிவசாமியண்ணன் தஞ்சாவூர் போயி எடுத்துட்டு வந்தாரு. அவருக்குப் போட்டப்ப உங்களுக்கும் சேர்த்துப் போட்டுட்டாரு."

எல்லையம்மாள் ரசீதைச் சான்றோடு சேர்த்து மடித்தாள். சான்றை மேரியின் கையில் திணித்துவிட்டு எழுந்தாள். மண்வெட்டி தேடவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் களிமண்ணை வாரி எறிந்தாள். வாழைமட்டையைப் பிடுங்கினாள். தேங்கிய தண்ணீர் கலங்கலாக, ஓசையோடு அவள் வயலுக்குள் பாய்ந்து, வடிவாய்க்காலைப் பார்த்து ஓடியது. அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள். முகத்தில் வழிந்தது மழையா என்று மேரி கேட்கவில்லை.

"போயி ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா" என்றாள் மேரி.

"என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்ல?"

அடுத்த நாள் லைன் வந்தது. மேரி கம்பெனிக்கு மறுபடி போன் செய்து, தன் அட்டையிலிருந்த வாசகத்தை ஜெக்கரியாவுக்கு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டு, மேலே அனுப்புவதாகச் சொன்னான். அறுவடை வரைக்கும் திரை மாறவில்லை. அட்டையும் அங்கேயே தொங்கியது. லைன் போகும்போதெல்லாம் மேரி விரலால் அதைக் காட்டுவாள்.

மழை விட்டது. சிவசாமியின் வயலில் தண்ணீர் வடிந்தபோது பெரும்பாலான பயிர் தலை நிமிர்ந்துகொண்டது. கீழ மூலை மட்டும் அவர் சொன்னபடியே அழுகிப் படுத்துவிட்டது. மறுபடி நட நாற்று எங்கும் மிச்சமில்லை. அந்த மூலை போனது போனதுதான் என்று விட்டுவிட்டார். எல்லையம்மாளிடம் அதைப்பற்றிக் கேட்கவும் இல்லை. வரப்பில் எதிரே வந்தால் இருவரும் குனிந்தபடி விலகிப் போனார்கள்.

ஒரு விடிகாலை. கிழக்கு இன்னும் சரியாக வெளுக்கவில்லை. எல்லையம்மாள் தன் வயலில் இறங்கினாள். பயிர் எங்கே அடர்ந்து நின்றதோ அங்கெல்லாம், ஒவ்வொரு பயிர்க்குத்திலும் பாதியை வேரோடும் மண்ணோடும் பிரித்தெடுத்து, மடி நிறையச் சேர்த்துக்கொண்டாள். தன் பயிருக்கு வலிக்குமோ என்பது போல மெதுவாகப் பிரித்தாள். அவள் மாமனார் அடிபட்டு வாங்கிய பதிவில் நின்ற மண் அது.

பிறகு வரப்பைத் தாண்டினாள். சிவசாமியின் கீழ மூலையில் அழுகலை அரித்து ஒதுக்கிவிட்டு, குனிந்து நடத் தொடங்கினாள். மடி காலியானதும் திரும்பி வந்து நிரப்பிக்கொண்டு போனாள். தனியாக நடுகிறபோதும் பாடுகிற வழக்கம் அவளுக்கு உண்டு. அன்று வாயைத் திறக்கவில்லை. பாபநாசத்து முதல் பஸ் ஹாரன் கேட்பதற்குள் மூலை முழுவதும் மெல்லிய பச்சையாக நின்றது.

கடைசிக் குத்தை ஊன்றி, கட்டைவிரலால் மண்ணை அழுத்தினாள். நிமிர்ந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். யாருமில்லை. வரப்பேறித் தன் வயலுக்குள் இறங்கிக்கொண்டாள். பின்னால், சேற்றில் பதிந்த அவள் காலடிகளில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊறி நிரம்பிக்கொண்டிருந்தது.